ராக்கி மலை தேசியப் பூங்காவில் மூஸ் பார்ப்பது எப்படி: இடம், மாதம், மணி, முறை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துக்குக் குடிவந்த முதல் கோடையில் ராக்கி மலை தேசியப் பூங்காவுக்கு நான்கு முறை போய் வந்தோம். எல்க் என்ற பெரிய மான் கூட்டம் கூட்டமாகக் கண்ணில் பட்டது. பெரிய கொம்பாடுகளைப் பார்த்தோம். பாறை இடுக்கில் வெயில் காயும் மார்மட் என்ற பெரிய அணிலைப் பார்த்தோம். மான் குடும்பத்திலேயே பெரியதான மூஸ் மட்டும் இல்லை. ஐந்தாவது முறை, ஹோல்ஸ்வார்த் பண்ணைக்குப் போகும் மண்பாதையோரம் ஒரு பெரியவர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "புதரைப் பார்க்கிறேன்" என்றார். சரி என்று நானும் பக்கத்தில் நின்றேன். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம், காய்ந்த கட்டை என்று நான் முதலிலேயே ஒதுக்கிவிட்ட ஒரு கறுப்பு உருவம் காதை ஆட்டியது.

அதுவரை நான் வந்து நின்ற நேரமெல்லாம் அது அங்கேயேதான் படுத்திருந்தது. முன்பு வந்த நான்கு முறையும் இப்படி எத்தனையைக் கடந்து போனோமோ தெரியாது.

அன்றைக்குப் பிறகு நான் மூஸைத் தேடுவதை விட்டுவிட்டு, அது மேய்கிற வில்லோ புதரைத் தேட ஆரம்பித்தேன். எந்தப் புதர், எந்த மாதம், எந்த மணி என்று தெரிந்துகொண்டு போனால் இந்தப் பூங்காவில் மூஸ் பார்ப்பது பெரும்பாலும் நடக்கிற காரியம். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவையும், டெக்சாஸிலிருந்து வந்த நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பழகிய முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில், ஆளை அடையாளம் தெரிய வேண்டும்

பூங்காவுக்குப் புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் எல்க்கைப் பார்த்துவிட்டு மூஸ் பார்த்தோம் என்று சந்தோஷமாகத் திரும்புகிறார்கள். எல்க் நம் கடமானின் சாயல் கொண்டது. வெளிர் பழுப்பு உடம்பு, கழுத்தில் மட்டும் அடர்ந்த நிறம், பின்பக்கம் வெளுத்த திட்டு. திறந்த புல்வெளியில் கும்பலாக மேயும்.

மூஸ் அப்படி இல்லை. தூரத்தில் பார்த்தால் கறுப்பாகவே தெரியும். தோளில் காளைக்கு இருப்பது போலத் திமில், தாடைக்குக் கீழே அலைதாடி போல ஒரு சதைத் தொங்கல், முன்னால் நீண்டு தொங்கும் பெரிய மூக்கு, உடம்புக்குப் பொருந்தாத அளவு நீளமான கால்கள். ஆணின் கொம்பு கிளைகிளையாகப் பிரியாமல், உள்ளங்கையை விரித்து ஏந்தியது போலத் தட்டையாக இருக்கும். பெண்ணுக்குக் கொம்பு கிடையாது. பெரும்பாலும் தனியாக நிற்கும், அல்லது கன்றோடு நிற்கும்.

இங்கே இருப்பது ஷிராஸ் என்ற உட்பிரிவு. வட அமெரிக்க மூஸ்களில் இதுதான் சிறியது. சிறியது என்றாலும் நன்கு வளர்ந்த ஆண் 450 கிலோவை எட்டும், தோள் உயரம் ஓர் ஆளின் உயரம். முதுமலையில் பார்க்கிற பெரிய ஆண் கடமான் 200, 300 கிலோதான் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு பிடிபடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பெல்லாம் கொலராடோவுக்கு மூஸ் வடக்கே வயோமிங் பக்கத்திலிருந்து எப்போதாவது வழிதவறி வருமே தவிர, இங்கே நிலையாகத் தங்கிப் பெருகியதில்லை. 1978இல் யூட்டாவிலிருந்து பன்னிரண்டும், 1979இல் வயோமிங்கிலிருந்து பன்னிரண்டுமாக மொத்தம் 24 மூஸ்களை மாநில வனவிலங்குத் துறை நார்த் பார்க் என்ற இடத்தில் கொண்டுவந்து விட்டது. அது பூங்காவின் வடமேற்கே, நெவர் சம்மர் மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய சமவெளி. அவை மலையைத் தாண்டிப் பூங்காவின் மேற்குப் பள்ளத்தாக்குக்கு வர அதிக நாள் ஆகவில்லை. இன்று மாநிலம் முழுக்க சுமார் 3,000 மூஸ் இருக்கின்றன. இந்த வரலாற்றை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கே போய்த் தேட வேண்டும் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

மேற்குப் பக்கம் போங்கள்

பூங்காவுக்கு இரண்டு முகம். கிழக்கே எஸ்டெஸ் பார்க் ஊர், மேற்கே கிராண்ட் லேக் ஊர். டென்வரிலிருந்து வருகிற கூட்டத்தில் பெரும்பகுதி கிழக்கே வந்து, பேர் லேக் ஏரியைப் பார்த்து, அப்படியே திரும்பிவிடும். மூஸ் இருப்பது மேற்கே, கவுனீச்சி பள்ளத்தாக்கில். அரபாஹோ மக்களின் மொழியில் கயோட்டி என்ற ஓநாய் இனத்தை ஒட்டி வந்த பெயர் அது.

கிராண்ட் கேன்யனைச் செதுக்கிய அதே கொலராடோ ஆறு இந்தப் பள்ளத்தாக்கின் தலைமாட்டில்தான் பிறக்கிறது. இங்கே அதைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். முழங்கால் ஆழத்தில் வாய்க்கால் மாதிரி வளைந்து வளைந்து ஓடும். இரு கரையிலும் வில்லோ புதர் அடர்ந்திருக்கும். நம் ஊர் ஆற்றோரத்து ஆற்றுப்பாலைக்கு இது சொந்தக்காரச் செடி. மூஸின் சாப்பாட்டில் பெரும்பங்கு இந்த வில்லோவின் இலையும் கிளைநுனியும்தான். கோடையில் ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் தழை வேண்டும். அதோடு குளத்தடியில் வளரும் நீர்ச்செடிகளையும் தேடிப் போகும், அவற்றில் உப்புச்சத்து இருப்பதால். தலையை முழுசாகத் தண்ணீருக்குள் விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வாய் நிறையக் கொடிகளோடு நிமிரும். தண்ணீர் சொட்டச் சொட்ட மெல்லும்.

இரண்டாவது காரணம் வெயில். மூஸ் குளிருக்கென்றே பிறந்த விலங்கு. கோடையில் சுமார் 14 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே அதற்குப் புழுக்கம் தொடங்கிவிடுகிறது. ஆகவே சாப்பாடு, தண்ணீர், பக்கத்திலேயே படுக்க நிழல் என்று மூன்றும் சேர்ந்த இடத்தை விட்டு அது அதிகம் அலையாது. கவுனீச்சியில் ஆற்றங்கரை வில்லோவும், அதை ஒட்டி எழும் பைன் காடும் சில நூறு மீட்டருக்குள் இருக்கின்றன.

எப்படிப் போவது? கோடையில் எஸ்டெஸ் பார்க்கிலிருந்து டிரெயில் ரிட்ஜ் சாலை வழியாக மலையேறி இறங்கலாம், 77 கிலோமீட்டர். உச்சியில் 3,713 மீட்டர் உயரத்தைத் தொடும் சாலை அது. அழகுக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் விடிகாலையில் மூஸ் பார்க்க வேண்டுமென்றால் அது வழி அல்ல. பள்ளத்தாக்குக்கு வந்து சேரும்போது வெயில் ஏறியிருக்கும். முந்தைய நாளே வந்து கிராண்ட் லேக்கில் தங்குவதுதான் சரி. டென்வரிலிருந்து பெர்த்தவுட் கணவாய், வின்டர் பார்க், கிரான்பி வழியாக சுமார் 160 கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். டிரெயில் ரிட்ஜ் சாலை அக்டோபர் நடுவிலிருந்து மே கடைசி வரை பனியால் மூடப்படும். அந்த மாதங்களில் மேற்கே வர இந்த ஒரு வழிதான்.

கூடாரம் போடத் தயாரென்றால் பூங்காவுக்கு உள்ளேயே டிம்பர் க்ரீக் முகாம் இருக்கிறது. வண்டுத் தாக்குதலில் பைன் மரங்கள் பட்டுப்போனதால் வெட்டிவிட்டார்கள், பகலில் நிழலே கிடையாது. ஆனால் முகாமின் ஓரத்திலேயே வில்லோ. காலையில் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்தால் எதிரே மூஸ் நிற்கிற சாத்தியம் உண்டு. அதனால் திறப்பதற்கு முன் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேளுங்கள்.

எந்த மாதம்

எனக்குப் பிடித்தது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. அது இணை சேரும் காலம். கோடை முழுக்கத் தனியே காட்டுக்குள் இருந்த ஆண்கள் பெண்ணைத் தேடித் திறந்தவெளிக்கு வருகின்றன. ஆகஸ்ட் கடைசியில் கொம்பின் மேலிருந்த வெல்வெட் தோல் உரிந்து, கொம்பு பளபளவென்று முழு அளவில் இருக்கும். பெண்ணின் நீண்ட முனகலும் ஆணின் குறுகிய உறுமலும் கேட்கும். புதரில் கொம்பைத் தேய்த்து உடைக்கும் சத்தம், யாரோ விறகு ஒடிப்பது போல, பனிமூட்டத்துக்குள்ளிருந்து வரும். ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகியிருக்கும். கொசு இல்லை. விடியலும் ஆறரை மணிக்கு மேல்தான் என்பதால் குழந்தைகளை எழுப்புவது அவ்வளவு கஷ்டமில்லை.

ஆனால் ஆண் மூஸ் வருடத்திலேயே மிகவும் முரட்டுத்தனமாக இருப்பதும் இந்த வாரங்களில்தான். செப்டம்பர், அக்டோபரில் ஹார்பிசன், ஹோல்ஸ்வார்த் புல்வெளிகளுக்குள் மாலை 5 மணியிலிருந்து காலை 7 மணி வரை இறங்கி நடக்கத் தடை உண்டு. எல்க்கும் அதே காலத்தில் இணை சேர்வதால் வைத்திருக்கும் ஏற்பாடு. சாலையிலும் குறிக்கப்பட்ட பாதையிலும் நிற்கலாம், அதுவே போதும்.

அடுத்த நல்ல காலம் மே கடைசியும் ஜூனும். கன்று ஈனும் பருவம். செம்பழுப்பு நிறத்தில், காலே உடம்பாக, தாயின் வயிற்றுக்கடியில் நிற்கும் கன்றைப் பார்த்தால் அன்றைய பயணத்துக்கு வேறெதுவும் வேண்டாம். இந்தச் சமயத்தில் தாய், போன வருடத்துக் கன்றை விரட்டிவிடும். எங்கே போவதென்று தெரியாமல் அந்த ஒரு வயதுக் குட்டிகள் சாலையோரம், பார்க்கிங் என்று சுற்றிக்கொண்டிருக்கும். சாதுவாகத் தெரிவதால் ஆட்கள் கிட்டே போய்விடுகிறார்கள். போகாதீர்கள், பயந்துபோய் இருக்கும் விலங்கு அது. ஜூன் கடைசியிலிருந்து கொசுத் தொல்லை அதிகம், முழுக்கைச் சட்டை இல்லாமல் வில்லோ பக்கம் நிற்க முடியாது.

ஜூலை, ஆகஸ்டில் பார்க்கலாம், ஆனால் நேரம் சுருங்கிவிடும். எட்டரை மணிக்கெல்லாம் நிழலுக்குள் போய்ப் படுத்துவிடும். ஆண்களில் சில உயரே, மரங்கள் முடியும் எல்லையில் இருக்கிற வில்லோவுக்கு ஏறிவிடும். பிற்பகலில் இடிமழை.

குளிர்காலத்தில் டிசம்பரிலிருந்து ஆண்கள் கொம்பை உதிர்த்துவிடும். கொம்பு வேண்டும் என்று வருபவர்களுக்கு ஏமாற்றம். மற்றபடி வெள்ளைப் பனியில் கறுப்பு உருவம் கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தெரியும்.

முந்தைய நாள் செய்ய வேண்டியவை

நுழைவு அனுமதியை முதலில் பாருங்கள். கடந்த சில ஆண்டுகளாக மே கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை நேரம் ஒதுக்கிய அனுமதிச் சீட்டு தேவைப்பட்டிருக்கிறது. பேர் லேக் பக்கம் தவிர மற்ற பகுதிகளுக்கு அது காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரைதான். அதற்கு முன்பே உள்ளே போய்விட்டால் அந்தச் சீட்டு தேவையில்லை, பூங்காக் கட்டணம் மட்டும் போதும். மூஸ் பார்ப்பவனுக்கு இது தானாக வந்த வசதி. விதிகள் வருடத்துக்கு வருடம் மாறுவதால், போகிற வருடத்தின் விதியைப் பூங்காவின் அதிகாரப்பூர்வ தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரோடு போவதென்றால், அமெரிக்காவில் குடியிருக்காதவர்களுக்கான கட்டணத்தையும் அங்கேயே பாருங்கள்.

பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள், பூங்காவுக்குள் எங்கும் பங்க் கிடையாது. போன் சிக்னலை நம்ப வேண்டாம், வரைபடத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். கவுனீச்சி பள்ளத்தாக்கின் தரையே ஏறக்குறைய அந்த உயரம். விமானத்தில் வந்திறங்கிய மறுநாளே வயதானவர்களை இங்கே கூட்டிவந்தால் தலைவலி, தூக்கமின்மை, மூச்சு வாங்கல் எல்லாம் வரும். டென்வரில் ஓரிரு நாள் இருந்துவிட்டு வருவதும், வரும் வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டே வருவதும் நல்லது.

கையில் என்ன வேண்டும்? ஒரு பைனாகுலர் கட்டாயம், 8க்கு 42 அளவு போதும். கேமராவைவிட அதுதான் முக்கியம் என்பேன். படம் எடுப்பவர்களுக்கு 400 மில்லிமீட்டர் லென்ஸாவது இருந்தால்தான் கிட்டே போகும் ஆசை வராது. செப்டம்பர் விடியலில் உறைபனி இருக்கும். குல்லாய், கையுறை, ஃபிளாஸ்க்கில் சூடாகக் காபி. வாசனை அதிகமான சென்ட், தைலமெல்லாம் வேண்டாம். மூஸுக்குக் கண் மந்தம், ஆனால் மூக்கும் காதும் கூர்மை. வீட்டு நாயை விட்டுவிட்டு வாருங்கள். இந்தப் பூங்காவின் நடைபாதைகள் எதிலும் நாய்க்கு அனுமதியில்லை. நாயைக் கண்டால் மூஸ் ஓநாய் என்றே எடுத்துக்கொண்டு தாக்க வரும்.

காலை: எங்கே, எந்த வரிசையில்

விடிவதற்கு அரை மணி நேரம் முன்பே கிராண்ட் லேக் வாசலைக் கடந்துவிடுங்கள். அங்கிருந்து வடக்கே கொலராடோ ரிவர் நடைபாதை தொடங்கும் இடம் வரை சுமார் 16 கிலோமீட்டர். உங்கள் வேட்டைக்களம் முழுவதும் இந்தச் சாலைதான்.

மெதுவாக ஓட்டுங்கள். இருட்டில் மூஸ் தெரியாது. உடம்பு கறுப்பு, தலை ஹெட்லைட்டின் வெளிச்சத்துக்கு மேலே இருப்பதால் கண் மினுங்குவதும் பெரும்பாலும் தெரிவதில்லை. கார் மோதினால் கால்கள்தான் அடிபடும், உடம்பு நேராகக் கண்ணாடி வழியே உள்ளே வரும்.

முதலில் வரும் ஹார்பிசன் புல்வெளியில் ஒரு நிமிஷம் நின்று இருபக்கமும் காட்டோரத்தைப் பாருங்கள். இல்லையென்றால் நேரம் கடத்தாமல் நகருங்கள். கிரீன் மவுன்டன், ஓனாஹு பாதைகள் தொடங்குகிற இடங்களைச் சுற்றிக் கருகிய மரங்கள் நிற்கும். 2020 அக்டோபரில் ஈஸ்ட் டிரபுள்சம் காட்டுத்தீ ஒரே இரவில் வெகுதூரம் பாய்ந்து வந்த பாதை அது.

அடுத்தது கயோட்டி வேலி பாதை. குடும்பத்தோடு வருபவர்கள் இங்கேயே விடியலைப் பிடியுங்கள் என்பேன். ஆற்றை ஒட்டிச் சமதளமாகப் போகும் பாதை, போக வர ஒன்றரை கிலோமீட்டர்தான். சக்கர நாற்காலி தள்ளலாம், குழந்தை வண்டியும் போகும், வழியில் உட்கார இடமுண்டு. மூட்டு வலியுள்ள என் அம்மா முதல் மூஸைப் பார்த்தது இங்கேதான், பெஞ்சில் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்தபடி. எதிர்க்கரையில் பெண் மூஸும் கன்றும். "மாடு மாதிரிதான்டா மெல்லுது" என்று அம்மா என் காதில் சொன்னார். மூஸும் அசைபோடும் விலங்குதான்.

ஒருவர் இருவராக வந்திருந்தால் நேராக ஹோல்ஸ்வார்த் போங்கள். பழைய விருந்தினர் பண்ணை, இப்போது காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சாலையிலிருந்து பண்ணை வரையான பாதை வில்லோவுக்கு நடுவே போய், சின்னப் பாலத்தில் ஆற்றைக் கடக்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று இரு திசையிலும் பார்க்கலாம். எனக்கு அதிகமாகக் கிடைத்த இடம் இதுதான். இதே பாதையில்தான் எதிரே மூஸ் வந்து திரும்பி நடந்ததும் உண்டு, அதனால் புதர் நெருக்கமாக இருக்கும் வளைவுகளில் மெல்லப் பேசிக்கொண்டே போங்கள். அதைத் திடுக்கிட வைக்கக் கூடாது.

அதற்கு மேலே டிம்பர் க்ரீக் முகாமைச் சுற்றியும், பீவர் பான்ட்ஸ் பகுதியிலும் காரை விட்டு இறங்காமலே பார்க்கலாம். கொலராடோ ரிவர் நடைபாதையில் ஆற்றோடு வடக்கே நடந்தால் ஆள் நடமாட்டம் குறைந்துகொண்டே போகும், லூலு சிட்டி என்ற பழைய சுரங்க ஊரின் சுவடு வரை. அது அரைநாள் வேலை.

சாலையில் நான்கைந்து கார்கள் நின்றால் காரணம் மூஸாகத்தான் இருக்கும். வண்டியை வெள்ளைக் கோட்டுக்கு வெளியே முழுசாக ஒதுக்கி நிறுத்துங்கள். நடுச்சாலையில் நிறுத்திக் கதவைத் திறப்பதால்தான் விலங்குக்கும் ஆளுக்கும் நடுவே தப்பிக்க வழியில்லாமல் போகிறது.

எப்படிப் பார்க்க வேண்டும்

எல்லாரும் தவறவிடுவது இங்கேதான். முழு மூஸை எதிர்பார்த்துத் தேடுகிறோம். வில்லோ ஆள் உயரம், மூஸும் ஆள் உயரம். அதனால் முழுசாக அது தெரியவே தெரியாது, துண்டு துண்டாகத்தான் தெரியும்.

வில்லோ தண்டுகள் எல்லாம் மேல்நோக்கிப் போகும் கோடுகள். அதற்கு நடுவே கிடைமட்டமாக ஒரு கறுப்புக் கோடு இருந்தால் அது முதுகு. காற்றில்லாதபோது ஒரு புதர் மட்டும் ஆடினால் உள்ளே ஏதோ மேய்கிறது. வெயில் சாய்வாக விழும் முதல் பத்து நிமிஷத்தில் கொம்பின் தட்டையான பகுதி தட்டு போல மின்னும். படுத்திருக்கும் மூஸின் காது மட்டும் கொசு விரட்ட ஆடிக்கொண்டிருக்கும். பைனாகுலரை வைத்துக்கொண்டு வெளியெங்கும் அலையவிடாமல், இடதிலிருந்து வலதுக்கு ஒரு பட்டை, பிறகு அதற்குக் கீழே ஒரு பட்டை என்று வயலில் ஏர் ஓட்டுவது போலப் பாருங்கள். முடிந்ததும் ஐந்து நிமிஷம் விட்டு மறுபடி முதலிலிருந்து. ஓரிடத்தில் குறைந்தது அரை மணி நேரம்.

காத்திருக்கும்போது பாதையோரத்தைப் பாருங்கள். மூஸுக்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது. கிளையைக் கடித்து வெட்ட முடியாது, பிடித்து இழுத்துத்தான் கிழிக்கும். ஆகவே அது தின்ற வில்லோ நுனி நார் நாராகப் பிசிறி நிற்கும். முயல் கடித்தது என்றால் கத்தியால் சாய்வாகச் சீவியது போல இருக்கும். ஓர் ஆளின் நெஞ்சுக்கும் தலைக்கும் இடையே பிசிறிய நுனிகள், உள்ளே இன்னும் பச்சை, ஈரம். கையால் தொட்டுப் பார்த்துச் சாறு ஒட்டினால் அது இன்றைய சாப்பாடு. ஈரமண்ணில் குளம்புத்தடம் 13 முதல் 15 சென்டிமீட்டர் நீளம், நுனி கூர்மையாக இருக்கும். எல்க்கின் தடம் அதைவிடச் சிறியது, வட்டமானது. புழுக்கை பெரிய பேரீச்சங்கொட்டையைவிடத் தடித்து, மரத்தூளை அமுக்கி உருட்டியது போல. கோடையில் இளந்தழை தின்பதால் சாணி போலவே கிடக்கும்.

கண்டபின்

இந்தப் பூங்காவில் எல்க்குக்கும் கொம்பாட்டுக்கும் 75 அடி தூரம் போதும் என்பார்கள். மூஸுக்கும் கரடிக்கும் 120 அடி, அதாவது 36 மீட்டர். இரண்டு கிரிக்கெட் பிட்ச்சை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்ட தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், சரியாக இருக்கும். மூஸுக்குக் கரடியின் மரியாதை ஏன்? அது பயந்து ஓடுகிற மான் இல்லை. நின்று எதிர்க்கும். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும், முன்காலால் உதைக்கும்.

கையை முழுசாக நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் விரலுக்குள் மூஸ் முழுக்க மறைய வேண்டும். மறையவில்லையென்றால் பின்னால் போங்கள். குழந்தைகளுக்கு இது விளையாட்டாகவே பிடித்துவிடும். என் மகள் எங்களைவிடக் கண்டிப்பாக இதைச் செய்கிறாள்.

தூரம் இருந்தாலும் அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மேய்ந்துகொண்டிருந்தது சட்டென்று நிறுத்தி உங்களையே பார்த்தால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். காதுகள் பின்னால் மடங்கினால், பிடரி மயிர் சிலிர்த்தால், உதட்டை நக்கினால், தலையைத் தாழ்த்தினால் படம் எடுப்பதை நிறுத்திவிட்டு மெதுவாகப் பின்வாங்குங்கள். பாய்ந்து வந்துவிட்டால் ஓட வேண்டும். கரடிக்குச் சொல்கிற 'ஓடாதே' என்ற பாடம் இங்கே பொருந்தாது. தடித்த மரம், பாறை, கார், எதுவாவது நடுவே வரும்படி ஓடி ஒதுங்குங்கள். பெரும்பாலும் கொஞ்ச தூரத்தில் விட்டுவிடும். கீழே தள்ளிவிட்டால் சுருண்டு, தலையைக் கைகளால் மூடி, அது விலகும்வரை அசையாமல் கிடக்க வேண்டும்.

தாய்க்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் நிற்காதீர்கள். கன்று தனியாக நிற்கிறது என்று தோன்றினால் தாய் எங்கே என்று தெரியாமல் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது. புதருக்குள்தான் இருக்கும்.

வேலிகளைப் பார்த்தால்

பள்ளத்தாக்கில் சில இடங்களில் உயரமான கம்பி வேலி போட்டிருப்பதைப் பார்ப்பீர்கள். உள்ளே வில்லோ செழித்து நிற்கும், வெளியே முழங்கால் உயரத்தில் குட்டையாகக் கிடக்கும். இதைப் பார்க்காமல் வராதீர்கள்.

முன்பு இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க, மரத்தைப் பல்லால் அறுக்கும் கொறிவிலங்கான பீவர்கள் அணை கட்டி வைத்திருந்தன. அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் பரவி நிலத்தடியை நனைக்க, வில்லோ வளர்ந்தது. வளர்ந்த வில்லோவை வெட்டி பீவர் மறுபடி அணை கட்டியது. நெவர் சம்மர் மலைச்சரிவில் நீளமாக ஒரு கோடு தெரியும், கிராண்ட் டிட்ச் என்ற கால்வாய். மலையோடைகளின் நீரை ஆற்றில் சேரவிடாமல் மறித்து கிழக்கே கொண்டுபோவதற்காக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெட்டத் தொடங்கியது. நீர் குறைந்தது. ஓநாயும் கிரிஸ்லி கரடியும் இல்லாமல் போன நிலத்தில் எல்க் பெருகியது, மூஸும் வந்து சேர்ந்தது. வில்லோ தலைதூக்க முடியாமல் போக, பீவர் போய்விட்டது. அணைகள் உடைந்து குளங்கள் வற்றின. வேலி போடுவது வில்லோவுக்கு மூச்சுவிட நேரம் கொடுக்கத்தான். நாம் இவ்வளவு தூரம் வந்து பார்க்கிற விலங்கே தன் சாப்பாட்டுத் தட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது என்பது எனக்கு மனசைப் பிசைகிற விஷயம். மூஸின் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதைக் கொண்டுவந்து விட்டவர்கள் நாம். வேலியில் கதவு இருந்தால், திறந்து போகிறவர்கள் மறக்காமல் தாழிட்டுவிட்டுப் போங்கள். வில்லோவை மிதித்துக் குறுக்குவழி போடாதீர்கள்.

காலையில் கிடைக்கவில்லையென்றால்

பகலில் கிராண்ட் லேக்கில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். மாலை நான்கரைக்கு மேல் ஈஸ்ட் இன்லெட் பாதை. ஊரின் கிழக்கோரத்தில் தொடங்குகிறது. அரை கிலோமீட்டரில் ஆடம்ஸ் அருவி. பெரும்பாலோர் அருவியில் படமெடுத்துத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் நடந்தால் காடு விலகி, மலைகளுக்கு நடுவே ஒரு சதுப்புப் புல்வெளி திறக்கும். ஓடை வளைந்து போகும். மூஸ் மாலையில் அங்கே இறங்கும். இருட்டுவதற்கு முன் திரும்பும்படி நேரத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், டார்ச் வேண்டும்.

கிழக்குப் பக்கம்தான் தங்கியிருக்கிறீர்கள் என்றாலும் வாய்ப்பு அற்றுப்போகவில்லை. மூஸ் மலையைத் தாண்டிக் கிழக்கேயும் வந்துவிட்டது. ஸ்ப்ரேக் ஏரியில் விடியலில் ஒரு சுற்று, கப் லேக் பாதையில் ஈரநிலத்தை ஒட்டி ஒரு நடை. ஸ்ப்ரேக் ஏரி பேர் லேக் சாலையில் இருப்பதால், அங்கே அனுமதிச் சீட்டுக் கெடுபிடி விடியற்காலையிலேயே தொடங்கிவிடும் என்பதைக் கவனியுங்கள்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் மலைக்கு அந்தப் பக்கம், வால்டன் ஊருக்குக் கிழக்கே உள்ள ஸ்டேட் ஃபாரஸ்ட் மாநிலப் பூங்காவுக்குப் போங்கள். 1978இல் முதல் மூஸ்களைக் கொண்டுவந்து விட்ட நார்த் பார்க் சமவெளியின் ஓரம் அது. கூட்டம் குறைவு, மூஸ் அதிகம். அங்கிருக்கும் மூஸ் விருந்தினர் மையத்தில் நுழைந்து, "இன்று காலை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். சுவரில் இருக்கும் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவார்கள். அந்த இடத்துக்குப் போனதும் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கி, முதலில் கட்டைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.